நிலக்கீழ் அறையில் ஒரு தேவாலயம்

அந்தப் படத்தை நான் முதலில் கண்டபோது அது முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு நின்றது. முதுகுதான் தெரிந்தது: பழுப்பேறிய துணி, குறுக்கே ஒரு மரச்சட்டம், இறுக்கிக் கட்டிய கம்பி. நான் அப்போது வீடு மாற்றும் லொறியில் வேலை செய்துகொண்டிருந்தேன். லொறி ஓர் அண்ணையுடையது. அவர் ஓட்டுவார், பேரம் பேசுவார், பகிடி விடுவார். தூக்குவது நான். மிகவும் கனமானது என்றால் இருவரும் தூக்குவோம்.

அன்று நாங்கள் வெறுமையாக்கிக்கொண்டிருந்தது வயதான ஓர் இத்தாலியரின் வீடு. அவர் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். மகள் நடுவில் நின்று, இது என் வீட்டுக்கு, இது அப்பாவின் அறைக்கு, இது குப்பைக்கு என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். படத்தைத் திருப்பியபோது மட்டும் அவருடைய கை கொஞ்சம் தாமதித்தது. பிறகு, அப்பாவின் அறை சிறியது, என் வீட்டிலும் இடமில்லை, விருப்பமென்றால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நியோகிளாசிக்கல் பாணி எண்ணெய் ஓவியம் என்றும், யார் வரைந்தது என்று தெரியாததால் வாங்க ஆளில்லை என்றும் சொன்னார்.

நியோகிளாசிக்கல் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் அகதிகள் வந்து குடியிருந்தார்கள். பிறகு நாங்களே அகதிகளாகி வேறொரு பள்ளிக்கூடத்தில் போய்க் குடியிருந்தோம். படிப்பு அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்கு நானாகவே ஒரு பொருள் வைத்துக்கொண்டேன்: தூண்கள் நேராக நிற்கும், ஆட்கள் சிறியவர்களாக இருப்பார்கள், யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

படத்தில் இருந்தது ஒரு தேவாலயத்தின் உட்பக்கம். இரண்டு பக்கமும் வழுவழுப்பான தூண்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. மேலே வளைந்த கூரை, அதில் கட்டம் கட்டமாகக் குழிகள். இடப்பக்கம் உயரத்தில் எங்கோ ஒரு சன்னல் இருக்க வேண்டும். சன்னலைக் காணவில்லை, அதனூடாக வந்த வெளிச்சம் மட்டும் சாய்ந்து இறங்கி, சாம்பலும் வெளிர் சிவப்புமான கல்நிலத்தில் நீளமாக விழுந்து கிடந்தது. அந்த வெளிச்சத்துக்குச் சற்றுத் தள்ளி வெள்ளை முக்காடு போட்ட ஒரு பெண் முழந்தாளிட்டிருந்தாள். ஒரு தூணடியில் இரண்டு குருமார் நின்று கதைத்தார்கள். இன்னொரு தூணடியில் ஒருவன் மூட்டையைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தான். எல்லாவற்றுக்கும் அப்பால், பெருவிரல் நகம் அளவில் பீடம். அதற்கு முன்னால், மேலிருந்து இறங்கும் நீண்ட சங்கிலியில் ஒரு சிறு விளக்கு. விளக்கு எரியவில்லை.

"உதை எங்க கொண்டுபோய் வைக்கப்போறாய்?" என்று அண்ணை கேட்டார். "உன்ர அறைக்குள்ள நீயே மடிஞ்சுதானே படுக்கிறாய்."

"கால்மாட்டில சுவர் இருக்குத்தானே அண்ணை."

"எட, உன்ர அறையைவிட உந்தச் சேர்ச் பெரிசடா. நீ படத்துக்குள்ள போய்ப் படு. அறையை வாடகைக்கு விடு."

அவர் பகிடியாகச் சொன்னார். நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

நான் இருந்தது டோர்செட் பார்க்கில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற். வீட்டுக்கார அன்ரியும் அங்கிளும் மேலே. கீழே இருந்த ஒரே சன்னல் உடுப்புத் தோய்க்கும் மெசின் நின்ற பக்கத்துக்குப் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது மிச்சம். கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். அது எனக்குக் குறையாகத் தெரிந்ததில்லை. ஒரு நாட்டில் ஐந்து பேர் ஒரே மெத்தையில் முறை வைத்துப் படுத்தோம். இன்னொரு நாட்டில் மீன் பெட்டிகள் அடுக்கிய கொட்டகையில் படுத்தேன். வேறொரு நாட்டில் உண்மையான தேவாலயத்திலேயே கொஞ்சக் காலம் படுத்திருக்கிறேன். படுக்கும் மரவாங்கு ஒடுக்கம், ஆனால் பிரசங்கம் தொடங்கும் வரை ஒருவரும் எழுப்புவதில்லை. எனக்கிருந்த வியாதி வேறு. எந்த அறையிலும் நான் நிலைத்து நின்றதில்லை. ஒருநாள் காலையில் கண் விழிக்கும்போது எதிர்ச் சுவர் முழுவதும் பழகிவிட்டிருக்கும். அதன் வெடிப்பு, கறை, ஆணித் துளை எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டிருக்கும். அன்றைக்கே பையைத் தூக்கிவிடுவேன்.

இந்தச் சுவர் பழகவில்லை.

வேலை முடிந்து பின்னேரம் வந்து, குளித்து, சோற்றைத் தின்றுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தால் கால்மாட்டில் அந்தத் தேவாலயம் திறந்திருக்கும். சின்ன மின்விளக்கு ஒன்றை அதன் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தேன். முதலில் வெளிச்சம் விழுந்த நிலத்தைப் பார்ப்பேன். அந்தக் கல் சூடாக இருக்குமா என்று யோசிப்பேன். பிறகு எப்போது உள்ளே போனேன் என்று தெரியாது. காலடியில் கல் இருக்கும். அவ்வளவு சூடு இல்லை, பூனை எழுந்துபோன கதிரை மாதிரி ஓர் இளஞ்சூடு. குருமாரின் குரல் கேட்கும், சொல் விளங்காது. மூட்டைக்காரன் தலையை நிமிர்த்த மாட்டான். ஒரு தூணைச் சுற்றிப் போனால் படத்தில் இல்லாத இன்னொரு தூண் வரும், அதற்குப் பின்னால் இன்னொன்று. சில நாள் அங்கே கடலின் சத்தம் கேட்டது. மேலே அன்ரி குழாயைத் திறந்திருப்பார். சில நாள் லொறியில் பகல் முழுக்கத் தூக்கிய அலுமாரிகளெல்லாம் அந்தத் தூண்களுக்கிடையில் வரிசையாக நின்றன, கதவு திறந்து, உள்ளே வெறுமையாக. பீடம் வரை நான் ஒருநாளும் போய்ச் சேர்ந்ததில்லை. பாதி வழியில் நித்திரையாகிவிடுவேன். அப்படியொரு நித்திரை சின்ன வயதுக்குப் பிறகு எனக்கு வந்ததில்லை.

உடுப்புத் தோய்க்க இறங்கிவரும்போது அன்ரி அந்தப் படத்தைக் கண்டார். என் கதவு எப்போதும் பாதி திறந்துதான் இருக்கும். முழுதாகச் சாத்தினால் காற்றில்லை.

"தம்பி, உது எந்தக் கோயில்?"

"தெரியாது அன்ரி. வெளிநாட்டுக் கோயில்."

"நாங்களும் வெளிநாட்டிலதானே இருக்கிறம்," என்றார். உடுப்புக் கூடையை இடுப்பில் வைத்தபடி நெடுநேரம் பார்த்தார். "நல்ல அமைதியான இடம்."

அந்த மாதம் அங்கிளுக்கு நெஞ்சில் ஒப்பரேசன் என்று நாள் குறித்திருந்தார்கள். அன்ரியின் சாமி அறை மேல் மாடியில் இருந்தது. ஆனால் அங்கே போய்க் கும்பிட்டால் அழுகை வரும், அழுதால் அங்கிள் பயப்படுவார் என்று அவர் கீழே வரத் தொடங்கினார். மெசின் சுற்றும் சத்தத்துக்குள் என் வாசலில் நின்று கும்பிடுவார். உள்ளே வரமாட்டார். செருப்பை மட்டும் படியிலேயே கழற்றிவிட்டு வருவார். ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. அங்கிள் வீட்டுக்கு வந்து, கஞ்சிக்கு உப்புக் காணாது என்று சத்தம் போடும் அளவுக்குத் தேறினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் வேலையால் வந்தபோது அறையில் சந்தன வாசம். படத்தில், அந்தச் சங்கிலி விளக்கின் மேல், ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம்.

"அன்ரி, என்ன செய்தனீங்கள்?"

"ஏன் தம்பி? விளக்குக்குப் பொட்டு வைச்சனான்."

"அது கீறின விளக்கெல்லோ."

"மேல இருக்கிற முருகனும் அச்சடிச்ச முருகன்தான். அவருக்கு வைக்கிறேல்லையே?"

"அவருக்குக் கண்ணாடி போட்டிருக்கு அன்ரி. இது வெறும் பெயின்ற்."

அன்ரி கிட்டப் போய்ப் பார்த்தார். நுனிவிரலால் சட்டத்தின் ஓரத்தைத் தொட்டார். "எட, கண்ணாடி இல்லையோ? நீர் நல்லாத் துடைச்சு வைச்சிருக்கிறீர் எண்டெல்லோ நான் நினைச்சன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். சாமி இருக்கும் இடம் வடிவாகத் தெரியவில்லை, தூண்டாமணி விளக்குத் தொங்கினால் அதற்குப் பின்னால்தானே மூலஸ்தானம், அதனால்தான் விளக்குக்கு வைத்தேன் என்றார். "பொட்டு வைக்காமல் விளக்கு ஏத்திறதோ?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. குங்குமம் போகவில்லை. பழைய வண்ணத்தில் முடி மாதிரி நுண்ணிய வெடிப்புகள் இருந்தன; சிவப்பு அவற்றுக்குள் இறங்கிவிட்டது. துணியை நனைத்து மெல்லத் தொட்டுப் பார்த்தேன். துணியில் கொஞ்சம் கறுப்பும் வந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

பிறகு ஒருநாள் பிறம்ரனில் ஒரு வேர்ஹவுசுக்குப் போகும் வழியில் அண்ணை சொன்னார்:

"அந்த இத்தாலிக்காரப் பிள்ளை போன் எடுத்தவ. படம் இருக்கோ எண்டு கேக்கிறா."

"ஏன்?"

"தேப்பன் நித்திரை கொள்ளுறாரில்லையாம். பின்னேரமாச்செண்டால் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்து, கோயில் எங்க, கோயில் எங்க எண்டு கேக்கிறாராம். நித்திரைக் குளிசை குடுத்தும் சரிவரேல்லையாம். நாங்கள் தந்திட்டம், கேக்க உரிமையில்லை, எண்டாலும் கேக்கிறம் எண்டு அழுறா." அண்ணை பக்கக் கண்ணாடியைப் பார்த்து லொறியை அடுத்த தடத்துக்கு மாற்றினார். "எறிஞ்சாச்செண்டு சொல்லட்டோ? தந்ததைத் திருப்பிக் கேக்கிறது முறையில்லை."

நான் வெளியே பார்த்தேன். ரோட்டோரமாகப் பனி கறுத்துப்போய்க் கிடந்தது. எனக்கென்று ஒரு பொருளை வைத்திருக்க வேண்டும் என்று அதுவரை நான் ஆசைப்பட்டதில்லை. கைவிட்டுப் போன பொருள்கள் நிறைய. எதையும் திரும்பிப் பார்த்ததில்லை.

"இருக்கெண்டு சொல்லுங்கோ அண்ணை," என்றேன். "ஆனா குடுக்கிறன் எண்டு சொல்லாதேங்கோ."

"அப்ப என்னத்தைச் சொல்லுறது? இருக்கு, வந்து பாத்திட்டுப் போங்கோ எண்டோ? உன்ர அறைக்குள்ள அவவை எங்க நிப்பாட்டுவாய்?"

அன்று பின்னேரம் படத்துக்குள் போகப் பார்த்தேன். முடியவில்லை. தூண்கள் வண்ணமாகவே நின்றன. வெளிச்சம் விழுந்த இடத்தில் தூரிகை போன தடம் தெரிந்தது. யாரோ ஒருவர் வாசலில் நிற்பது போல இருந்தது. நான் அவருடைய பாதையில் படுத்துக் கிடப்பது போல. இத்தனை மாதமாக நான் கொண்டது அந்த இத்தாலியருடைய நித்திரையோ என்று ஒரு யோசனை வந்தது. யோசனை மூளைக்குப் பிடிபடவில்லை, ஆனால் உடம்புக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு எனக்கும் கண் மூடவில்லை. விடிந்ததும் அண்ணைக்குப் போன் எடுத்து, கொடுப்போம் என்றேன்.

அன்ரிதான் மறித்தார். "இண்டைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில ஆரும் விளக்கை வீட்டை விட்டு வெளியில குடுக்கிறதோ?"

"அது படம் அன்ரி."

"படத்துக்குள்ள விளக்கு இருக்கெல்லோ. நாளைக்குக் கொண்டுபோம். நானும் வாறன். ஆரின்ர வீட்டுக்குப் போகுதெண்டு நான் பாக்க வேணும்."

சனிக்கிழமை லொறியின் முன்சீற்றில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு போனோம். நடுவில் அன்ரி, கூறைச்சேலை மாதிரி ஒரு சிவப்புச் சேலை, அதற்கு மேல் தடித்த குளிர்க்கோட்டு. பின்னால் தேவாலயம், போர்வை சுற்றி, கயிறு போட்டு. "மெல்ல ஓடும்," என்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் அன்ரி சொன்னார். "அன்ரி, நான் தேர் இழுக்கேல்லை, லொறி ஓடுறன்," என்றார் அண்ணை.

முதியோர் இல்லத்தின் வாசலில் மகள் காத்திருந்தார். என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நான் பொட்டைப் பற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று என் ஆங்கிலத்துக்குத் தெரியவில்லை. அறை உண்மையிலேயே சிறியது. சன்னலோரம் சாய்கதிரையில் கிழவர் இருந்தார். பெரிய கைகள்; கட்டட வேலை செய்தவர் என்று மகள் சொன்னார். கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போயிருந்தது. படத்தைக் கட்டில் மேல் நிமிர்த்திப் போர்வையை உரித்தோம். அன்ரி கதவடியிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சொக்ஸோடு உள்ளே வந்தார்.

மகள்தான் முதலில் கண்டார். கிட்டக் குனிந்தார். முகம் மாறியது. இது என்ன, படம் பழுதாகிவிட்டதா, யார் செய்தது என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார். அன்ரிக்கு மொழி விளங்கவில்லை. விரல் காட்டிய இடம் விளங்கியது. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "நான்தான்," என்றார்.

அந்த நேரத்தில் எனக்குள் ஓர் ஆசை எழும்பியதை மறைக்க வேண்டியதில்லை. வேண்டாம் என்று இவர்கள் சொன்னால் போர்வையைத் திரும்பச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். மாலைக்குள் அது என் கால்மாட்டில் நிற்கும்.

கிழவர் கதிரையின் கைப்பிடிகளைப் பிடித்து முன்னால் வந்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் மொழியில் ஏதோ கேட்டார். மகள் படத்திலிருந்து நிமிர்ந்தார். அவர் திரும்பவும் கேட்டார். மகள் என்னிடம் திரும்பி, விளக்கை ஏற்றியது யார் என்று அப்பா கேட்கிறார் என்றார். பிறகு அதற்குக் காரணமும் சொன்னார். அந்த விளக்கு எரியாமல் இருப்பது அம்மாவுக்குப் பிடிப்பதில்லையாம். எங்கள் தேவாலயங்களில் பீடத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு சிவப்பு விளக்கு எரியும், எரியாவிட்டால் உள்ளே கடவுள் இல்லை என்று பொருள், ஆளில்லாத வீட்டை ஏன் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாய் என்று சாகும்வரை அப்பாவோடு சண்டை பிடித்தாராம்.

நான் அன்ரிக்குத் தமிழில் சொன்னேன். "விளக்கை ஆர் ஏத்தினது எண்டு கேக்கிறார்."

"நான்தான் எண்டு சொல்லும்," என்றார் அன்ரி. கொஞ்சம் யோசித்தார். "எண்ணெய் விடேல்லை எண்டும் சொல்லும்."

நான் இரண்டையும் சொன்னேன். மகள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ஓவியம் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அதை எடுத்துவிடலாம் என்று தகப்பனிடம் சொன்னார் போலிருக்கிறது. கிழவர் உள்ளங்கையை உயர்த்தி மறித்தார். மகள் அதோடு விட்டார். படம் அங்கேயே தங்கப்போகிறது என்பது அப்போதே முடிந்துவிட்டது.

சுவரில் ஆணி அடிக்க எங்களுக்கு அனுமதியில்லை. இல்லத்து வேலையாள் வந்துதான் அடிப்பார், நீங்கள் இடத்தை மட்டும் முடிவு செய்யுங்கள் என்றார்கள். அண்ணை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துப் படத்தைச் சுவரோடு உயர்த்தினோம். கிழவர் கதிரையில் சாய்ந்து பார்த்தார். விரலை மேலே காட்டினார். உயர்த்தினோம். கொஞ்சம் இடப்பக்கம். நகர்த்தினோம். ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, அண்ணையின் பக்கம் சரிவு என்று கையால் காட்டினார்.

"மனுசன் மட்டப்பலகையை முழுங்கியிருக்கிறார்," என்று அண்ணை முணுமுணுத்தார்.

கொஞ்சம் கீழே. கொஞ்சம் மேலே. விரல் காற்றில் நின்றது. நாங்களும் நின்றோம். அடுத்தது என்ன என்று காத்திருந்தோம். விரல் மெல்ல இறங்கியது. மடியில் போய் விழுந்தது.

"அண்ணை, சரியாமோ?" என்று கேட்டேன். எனக்குத் திரும்பிப் பார்க்க வழியில்லை. முகம் படத்துக்கு நேராக இருந்தது.

பின்னால் ஒரு குறட்டை கேட்டது. சின்னது, தயங்கித் தயங்கி, வழி தெரியாத வீட்டுக்குள் வருகிற ஆள் மாதிரி. அடுத்தது கொஞ்சம் நீண்டது.

"இறக்குவம்," என்றார் அண்ணை மெல்ல. "கை கழண்டிடும்."

"அசையாதேங்கோ!" என்று அன்ரி பின்னாலிருந்து ரகசியக் குரலில் சொன்னார். "கட்டில் கிரீச்சிடும். எழும்பிடுவார். உப்பிடியே பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"உங்களுக்கு என்ன, தூக்கிறதுதானே வேலை."

மகள் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. தோளிலிருந்து வலி மெல்ல இறங்கி முழங்கையில் வந்து நின்றது. என் கண்ணுக்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில், வெளிச்சம் விழுந்த கல்நிலம். இவ்வளவு கிட்ட அது நிலமாக இல்லை. தடித்த மஞ்சளும் வெள்ளையுமாக, யாரோ அவசரமில்லாமல் இழுத்துவிட்ட வண்ணம். நான் அதன் மேல் மூச்சு விடாமல் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன். பின்னால் கிழவரின் குறட்டை இப்போது ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. நான் சட்டத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன்.